மூடிய கை, இரண்டு தட்டு

இராஜபாளையம்
14.7.2024

மருமகன் கௌதம்ராஜுக்கு அத்தை மாரிக்கனி எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சுகம். அங்கே நீயும் உன் ஆஸ்டல் சாம்பாரும் சுகமா என்று அறிய ஆசை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக் கூடாது. சிரித்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை, அதுதான் விஷயம். ஒரு வருஷத்துக்கு மேலாக நீ போனில் பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை. ஏதோ கொரகொர என்று வரும். நீ நிறுத்துகிற இடம் பார்த்து "ஆமா ஆமா" என்பேன். கொஞ்சம் நீளமாக நிறுத்தினால் "அதான் ராசா" என்று சேர்த்துக்கொள்வேன். நீயும் வைத்துவிடுவாய். நல்ல அத்தை என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நேரில் பேசுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மில்லில் ஓடுகிற மிஷின்களுக்கு நடுவிலேயே நின்று காது போனவள் நான். அந்தச் சத்தத்தில் எவள் பேசியது எவளுக்குக் கேட்டது? ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தே படித்துவிடுவோம். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டாலும் இந்தப் படிப்பில் நான் எம்.ஏ. போனில்தான் வாய் தெரிவதில்லை.

மாட்டிக்கொண்டது எப்படி என்றால், ஒரு பீரோ சொல்லி வைத்திருந்தேன், அதற்கு மரக்கடை ஹமீது பாய் போன் செய்திருக்கிறார். நான் ஆமா ஆமா என்றிருக்கிறேன். மறுநாள் வாசலில் இரண்டு பீரோ. "நீங்கதானம்மா, ரெண்டா அனுப்பட்டுமான்னு கேட்டதுக்கு ஆமா ஆமான்னீக" என்கிறார். ஒற்றை அறை வீட்டில் ஒரு பீரோ என்னைப் பார்க்கிறது, இன்னொன்று அந்தப் பீரோவைப் பார்க்கிறது.

அதனால் இனிமேல் கடிதம் எழுது. இந்த ஒரு வருஷத்தில் நீ எதையாவது கேட்டு நான் ஆமா சொல்லியிருந்தால் அதையும் எழுது. பெண் பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த ஆமா செல்லும். கட்டிக் கொடுக்க எனக்கு மகள் இல்லை, நீ பிழைத்தாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே என்று எழுதினால் நீ கேட்கப் போகிறாயா, அலைந்துகொள்.

அத்தை மாரிக்கனி


கோயம்புத்தூர்
2.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும். ஆஸ்டல் சாம்பார் அப்படியேதான் இருக்கிறது.

பேஸ்பால் நன்றாகப் போகிறது. இந்த வருஷம் எல்லா இடத்திலும் ஆடுகிறேன். குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர், பேஸ் காவல், வெளி மைதானத்தில் இடது, வலது, நடு. யாருக்குக் காயம் என்றாலும் கோச் ஹபீப் ரகுமான் சார் என்னைத்தான் அந்த இடத்துக்கு அனுப்புவார். ஒன்பது இடத்தில் பிட்சர் மட்டும் இல்லை. பந்து போடுகிற இடம் அது.

அத்தை, எப்போதிலிருந்து காது கேட்கவில்லை? போன வருஷம் ஆயுத பூஜை அன்று நான் போன் செய்தேன். அது கேட்டதா?

அதை மட்டும் தவறாமல் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌதம்ராஜ்


இராஜபாளையம்
9.8.2024

மருமகனுக்கு, முழங்கால் உன் கடிதத்தைப் படித்ததும் பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு எண்ணெய் போட்டேன். உனக்குச் சளி கிளி இல்லையே?

எல்லா இடத்திலும் ஆடுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மில்லில் இப்படி ஆள் வராத மிஷினுக்கெல்லாம் ஓடுகிறவளைப் பதிலி என்போம். உன்னை மில் பக்கமே விடக் கூடாது என்று உன் அப்பா அம்புட்டுப் பாடுபட்டார். நீ கோயம்புத்தூர் வரை போய்ப் பதிலி ஆகிவிட்டாய்.

ஆனால் பந்து போடுகிற இடம் மட்டும் ஏன் இல்லை? அதுதானே உன் இடம்? உன் பள்ளிக்கூடத்து பி.டி. சார் எங்கிருந்தோ ஒரு மட்டையும் இரண்டு பந்தும் கொண்டு வந்த நாளிலிருந்து நீ போட, என் அண்ணன் பிடிக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க வேடிக்கை பார்த்தது. கையுறைக்கு வழியில்லாமல் பழைய தோல் பையை வெட்டி, உள்ளே மில் கழிவுப் பஞ்சை அடைத்து, அவரே தைத்தார். பார்க்க வீங்கின தவளை மாதிரி இருக்கும். "ஏலே தங்கச்சாமி, தவளையைக் கூட்டிக்கிட்டு எங்க போற" என்று தெருவே கேட்கும். அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

ஆயுத பூஜை அன்று பேசியது எனக்குக் கேட்கவில்லை. மிஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு வாசலில் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். நீ அன்றைக்கு ரொம்ப நேரம் பேசின மாதிரி இருந்தது. அப்புறம் நிறுத்தினாய். நான் வழக்கம்போல. என்ன கேட்டாய்?

பதில் போடு. தண்ணீர் நிறையக் குடி.

அத்தை


இராஜபாளையம்
22.9.2024

மருமகனுக்கு, சுகம். நீ சுகமா என்று போன கடிதத்தில் கேட்டதற்கே பதில் இல்லை, மறுபடியும் கேட்கிறேன்.

போஸ்ட்மேன் ரங்கநாத் என் வீட்டு வாசலைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். தினமும் மறித்துக் கேட்டால் பாவம் அவர்தான் என்ன செய்வார். "ஒங்க மருமகன் எழுதுனா நான் மறைச்சா வைக்கப் போறேன்" என்று அவர் வாய் சொல்கிறது.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்து வந்தேன். வெள்ளைத்தாய் மதினி இளைத்துவிட்டார். லீவுக்கு நீ வருவதே இல்லையாம். வந்தாலும் கண்மாய்க்கரைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறாயாம். பேப்பரில் உன் படம் வந்ததைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "எட்டு இடங்களில் ஆடும் பல்திறன் வீரர்" என்று போட்டிருந்தது. நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் நிறைய நேரம் அந்தப் படத்தைப் பார்த்தோம். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் பின்னால் திரும்பி எதையோ பார்க்கிறாய். யாரைப் பார்த்தாய்?

ஆயுத பூஜை மறுபடியும் வரப் போகிறது. நான் எதற்கு ஆமா சொன்னேன் என்று எழுதிவிடு ராசா.

அத்தை


கோயம்புத்தூர்
2.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

அப்பா இறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கண்மாய்க்கரைப் பொட்டலில் பந்து போட்டேன். வழக்கம்போல அப்பா குத்தவைத்து உட்கார்ந்து பிடித்தார். ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டு "இன்னொண்ணு" என்பார், உங்களுக்குத் தெரியும். வெளிச்சம் போய்விட்டது. "போதும்ப்பா" என்றேன். "இன்னொண்ணு" என்றார். எரிச்சலில் வேகமாகப் போட்டேன். கையுறையில் படாமல் நெஞ்சில் பட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நெஞ்சில் கையை வைத்தார். ஓடினேன். "ஒண்ணுமில்லலே" என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். வியாழக்கிழமை காலையில் மில்லுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் அப்படியே விழுந்தார். மாரடைப்பு என்றார்கள்.

ஆயுத பூஜை அன்று இதையெல்லாம் உங்களிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. "அத்தை, அப்பா செத்தது என்னாலதானா?" என்று கேட்டேன்.

"ஆமா ஆமா. அதான் ராசா" என்றீர்கள். சிரித்தீர்கள்.

சிரித்ததால், தெரிந்தும் மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பந்து போடும் இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. நின்றால் கேட்சருக்குப் பின்னால் அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கை நெஞ்சில் இருக்கிறது. "இன்னொண்ணு" என்கிறார். காயம் பட்டவன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அங்கே கொஞ்ச நாள் நின்றால் அங்கிருந்தும் அவர் தெரிகிறார். அடுத்த இடம் கேட்பேன். பேப்பரில் பல்திறன் என்று எழுதியது இதைத்தான்.

இப்போது எங்கள் பிட்சர் வல்லரசுவுக்குத் தோள் போய்விட்டது. பிப்ரவரியில் பெரிய போட்டி. நீதான் போட வேண்டும் என்கிறார் கோச். விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு வாங்கியவன் மாட்டேன் என்றால் சீட்டு நிற்காது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கௌதம்ராஜ்


இராஜபாளையம்
7.10.2024

கௌதமு,

கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்கக் கை வரவில்லை.

சிரித்திருப்பேன். உன் போன் என்றாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சந்தோஷத்தில். நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்தேன்.

இப்போது "இல்லை" என்று எழுதிவிடலாம். எழுதிக்கூடப் பார்த்தேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். தெரியாமல் ஆமா சொன்னவள் தெரியாமல் இல்லை என்று சொன்னால் நீ அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நன்றாக நினைத்துப் பார்த்து எழுது. அண்ணன் நெஞ்சில் கை வைத்தார் என்றாயே, விரித்த கையா, மூடிய கையா? அமுக்கினாரா, தட்டினாரா?

அது வரை பெட்டியைக் கட்டாதே. சாப்பிடு.

அத்தை


கோயம்புத்தூர்
19.10.2024

அத்தைக்கு, நலம்.

மூடிய கை. இரண்டு தட்டு. மூச்சு முட்டித் தட்டினார் என்று நினைத்தேன். ஏன் கேட்கிறீர்கள்?

கௌதம்ராஜ்


இராஜபாளையம்
24.10.2024

மருமகனுக்கு, அத்தை சுகம். உன் கார்டு வந்த நாள் நான் மில்லுக்குப் போகவில்லை. ரங்கநாத் கொண்டு வந்து கையில் கொடுத்தார், வாங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா கெட்ட சேதியா" என்றார். அவர் வாயைப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது சொல்கிறேன், கேள். மில்லில் பக்கத்து மிஷினில் நூல் அறுந்துவிடும். அதற்கு உரியவள் அந்தக் கடைசியில் நிற்பாள். தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வரப் பார்ப்பாள். கத்தினால் கேட்காது. அப்போது நாங்கள் மூடிய கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவோம். "நான் பாத்துக்கிடுதேன், நீ ஒன் வேலையப் பாரு" என்று அர்த்தம். அவள் அங்கேயே நின்றுகொள்வாள். உன் அப்பா பதினெட்டு வயதிலிருந்து தட்டிய தட்டு அது. மில் கேண்டீனில் நான் சோற்றுத் தூக்கோடு ஓடி வந்தாலும் தட்டுவார். வலி வந்தவன் விரித்த கையால் அமுக்குவான். எங்கள் பகுதியில் ஒருத்தி நெஞ்சுவலியில் என் கண் முன்னால் சாய்ந்தாள். விரித்த கைதான்.

உனக்கு மில் வாசலைக்கூடக் காட்டக் கூடாது என்று இருந்தார். அதனால் அந்தப் பாஷை உனக்குத் தெரியாமல் போயிற்று. அதைத்தான் உன்னைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

இன்னொன்று. இதை நான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, உன் போன கடிதத்துக்கும் எழுதவில்லை. அந்தத் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரம் அண்ணன் டீக்கடையில் சட்டைப் பட்டனைக் கழற்றினார். நெஞ்சில் பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது. "பாத்தியா மாரி, ஒம் மருமவன் போட்டது. கை வந்துருச்சு அவனுக்கு" என்றார். அங்கே டீ குடித்த அத்தனை பேருக்கும் காட்டினார். மாஸ்டருக்கு இரண்டு தடவை. வியாழக்கிழமை அவர் விழுந்ததும் எனக்கு முதலில் அந்தத் தையல்தான் நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டேன். ரத்தக்குழாய் அடைப்பு, பழசு என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் அந்தத் தையல் எனக்கும் அடிக்கடி தெரியும். உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தால் தெரியாது. அதனால் பண்ணிக்கொண்டே இருந்தேன்.

பந்துதான் காரணமா என்றால் எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். அவர் கை என்ன சொல்லிற்று என்பது எனக்குத் தெரியும். அது என் படிப்பு.

மதுரைக்குப் போய்க் காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டேன். கடலைப்பருப்பு அளவு. கையைக் கிட்டே கொண்டு போனால் மில் சங்கு மாதிரி விசில் அடிக்கிறது. காதில் சரியாக நிற்பதும் இல்லை, லொடலொட என்று ஆடுகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வா. மதினி வீட்டுப் பரணில் தவளை அப்படியே இருக்கிறது. நான் குத்தவைத்து உட்காருகிறேன். எழுந்திருக்கும்போது மட்டும் நீ கை கொடுக்க வேண்டும்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி.

அத்தை


கோயம்புத்தூர்
15.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். மழையில் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் போட நாளாகிவிட்டது. உங்கள் கடிதத்தை என் விளையாட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.

கோச்சிடம் பொங்கல் வரை நேரம் கேட்டேன். "ஏண்டா, நல்ல நாள் பாக்கிறியா" என்றார். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு போய் நின்று பார்த்தேன். அப்பா இருந்தார். கை நெஞ்சில் இருந்தது. மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது. ஆனாலும் பந்து கையை விட்டுப் போகவில்லை. அங்கே பிடிக்கக் கேட்சர் இல்லை, பந்து நேராக அவர் மேல்தான் போகும்.

பொங்கலுக்கு வருகிறேன். முடியவில்லை என்றால் திரும்பிப் போக மாட்டேன்.

கௌதம்ராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.1.2025

மருமகனுக்கு, நீ போன பஸ்ஸில் இடம் கிடைத்ததா, ஜன்னல் ஓரமா? நான் இன்னும் மதினி வீட்டில்தான் இருக்கிறேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்க மூன்று நாள் ஆகும்போல. மதினி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டுகிறார். "ஏட்டி, ஒனக்கு என்ன வயசு, பந்து வெளையாடுத வயசா" என்று கேட்டு, செத்த நேரம் கழித்து, "நல்லாப் போட்டானா" என்கிறார். நீ எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். நல்லது. அந்தக் காயம் தனக்கும் தெரியும் என்று மதினி சொன்னாராமே. கூடவே படுத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? நாம் மூன்று பேரும் ஒரே பந்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம்.

கண்மாய்க்கரையில் நீ முதலில் கோழிக்குஞ்சை விடுகிற மாதிரி போட்டாய். நான் அதையும் விட்டேன். அப்புறம் தவளை வாயைத் திறந்து பிடிக்க ஆரம்பித்தது. அடுத்ததை ஓங்கியவன் பாதியில் நிறுத்தி என்னிடம் ஓடி வரப் பார்த்தாய். நான் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். நீ அப்படியே நின்றாய். பிறகு போட்ட பந்துதான் பந்து. என் உள்ளங்கை இன்னும் எரிகிறது. அண்ணன் இருந்திருந்தால் அதைக் கொண்டு போய் டீக்கடையில் காட்டியிருப்பார்.

உன்னிடம் அன்றைக்குச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நான் சட்டென்று பின்னால் திரும்பினேனே, கொசு கடித்தது என்று சொன்னேனே, கொசு இல்லை. பந்தைப் பிடித்ததும் என் பின்னாலிருந்து "இன்னொண்ணு" என்று கேட்டது. மிஷின் வழியாக, தெளிவாக. நீ சொல்லவில்லை. நான் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மூடியிருந்தது. திரும்பினால் கண்மாய்த் தண்ணீரும் ஒரு ஆடும்தான் இருந்தன. அதற்குள் நீ கையிலிருந்த இரண்டாவது பந்தால் நிஜமாகவே இன்னொன்று போட்டுவிட்டாய். அது என்னைத் தாண்டித் தண்ணீரில் போய் விழுந்தது.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ எட்டு இடம் ஓடியும் அவர் பின்னாலேயே வந்தார் என்றால், உன்னைப் பிடிக்க வரவில்லை, பந்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும்.

அப்புறம் நீ தள்ளிப் போய் கோச்சுக்குப் போன் செய்தாய். அம்புட்டு தூரத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். "போடுதேன் சார். நானே போடுதேன்" என்றாய். படித்துவிட்டேன். அவர் ஏதோ கேட்டிருக்கிறார். நீ "ஆமா" என்றாய். ஒரே ஒரு ஆமா. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிப்ரவரிக்குத் தோளைப் பார்த்துக்கொள். மதினி எள்ளுருண்டை அனுப்புகிறார், மற்றவர்களுக்கும் கொடு. கோச் சாருக்கும் வல்லரசுவுக்கும் என் விசாரிப்பு.

அத்தை மாரிக்கனி

மறந்துவிட்டேன். நான் திரும்பினபோது காதிலிருந்து விழுந்த மிஷினை இருட்டும் வரை தேடினோமே, இனித் தேட வேண்டாம். பக்கத்து வீட்டு ரஹ்மத்துன்னிசா காலையில் வந்தார். அன்றைக்கு அங்கே மேய்ந்தது அவருடைய ஆடாம். நன்றாக இருக்கிறதாம், வழக்கம்போலத் தின்கிறதாம். அசை போடும்போது மட்டும் வயிற்றுக்குள்ளிருந்து விசில் வருகிறதாம். நானும் போய் ஆட்டின் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.